செருப்பில்லாமல் பத்தொன்பது வருடம்

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்,
10.06.2024

பாசமுள்ள ரோஜா அண்ணிக்கு,

மேரி எழுதுகிறேன். முப்பத்தேழு வயதில் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து கடிதம் எழுதுவாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வேறு வழியில்லை. வந்த அன்றே வார்டன் எல்லோருடைய போனையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரை மணி நேரம் தருவாராம். "பரீட்சை வரைக்கும்தாம்மா. அப்புறம் துபாய்ல போயி நாள் முச்சூடும் பேசிக்கினு இரு" என்கிறார். உங்கள் தம்பி செல்வகுமார் தினமும் பாசஞ்சரில் இங்கே ஆபீசுக்கு வருவது நம் அதிர்ஷ்டம். காலையில் அவரிடம் கொடுத்தால் சாயங்காலம் திண்டிவனத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். "நான் என்னா போஸ்ட்மேனா?" என்று முறைத்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், முறைப்பு போய்விட்டது.

வகுப்பில் முப்பத்தொரு பேர். எல்லாம் நேற்றுப் படிப்பை முடித்த பெண்கள். ஒருத்தி என்னை 'ஆன்ட்டி' என்றாள். ஒன்பது வருடம் வார்டில் நின்றவள் நான், இந்தப் பெண்களோடு சேர்ந்து உடம்பில் எத்தனை எலும்பு என்று மறுபடி முதலிலிருந்து ஒப்பிக்கிறேன். வெளிநாட்டு லைசென்ஸ் என்றால் அப்படித்தான். ஆகஸ்ட் இருபது, சென்னையில், கம்ப்யூட்டரில் பரீட்சை. என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் தோலுரித்த ஆள் படம் ஒன்று தொங்குகிறது. கண் விழித்ததும் அவன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

இந்த வாரம் திசுக்கள். நம் உடம்பு மொத்தமும் நான்கே வகைத் திசுவாம் அண்ணி. மேலே மூடியிருப்பது எபிதீலியத் திசு. ஒன்றோடொன்றைக் கட்டி வைப்பது இணைப்புத் திசு. அசைப்பது தசைத் திசு. சேதி கொண்டுபோவது நரம்புத் திசு. எபிதீலியத்திலேயே பல வகை. ஓரிடத்தில் ஒரே அடுக்கு. சார் வேர்க்கடலைத் தோல் மாதிரி என்றார், நம் மல்லாட்டைப் பருப்பின் சிவப்புத் தோல்தான். உரசல் அதிகம் உள்ள இடத்தில் அடுக்கடுக்காகத் தடித்துவிடும். சார் உதாரணம் கேட்டார். "எங்க அண்ணியோட உள்ளங்கால் சார். பத்தொன்பது வருசமா செருப்பே போட்டதில்ல" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வெயில் கொளுத்துகிறது. தார் ரோட்டில் அப்படியே நடக்கிறீர்கள். ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள் அண்ணி. எத்தனை தடவை சொல்வது?

அண்ணன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அமலாவுக்கு என் முத்தம்.

உங்கள் பிரியமுள்ள நாத்தனார்,
மேரி

*

திண்டிவனம்,
14.06.2024

அன்பான மேரிக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ இல்லாததால் சண்டை போட ஆளில்லை, அது ஒன்றுதான் குறை. பத்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவள் நான். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

என் உள்ளங்காலை முப்பது பேர் முன்னால் பாடமாக நடத்தினாயா? வா, உனக்கு இருக்கிறது.

அண்ணன் மண்டியில் மூட்டை தூக்குவதை விடச் சொல்லியாயிற்று. கேட்பதில்லை. வலது பக்கம் சாய்ந்துதான் படுக்கிறார். அமலா ஜவுளிக்கடை பில் கவுன்டருக்கு ஒழுங்காகப் போய் வருகிறாள். செவ்வாய்க்கிழமை என்ன செய்தாள் தெரியுமா? பஸ்ஸில் ஏறும்போது வலது கால் செருப்பு படியிலேயே கழன்று விழுந்துவிட்டது. அதுகூடத் தெரியாமல் கடை வரைக்கும் போயிருக்கிறாள். பூக்காரி அம்மணி எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கிறாள். "இருவத்திரண்டு வயசுப் பொண்ணுக்குக் கால்ல செருப்பு இருக்கா இல்லியான்னுகூடவா தெரியாது? கவனம் எங்கடி இருக்குது?" என்று நன்றாகத் திட்டிவிட்டேன். போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்து இதற்காக எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், பாவம்.

தெருவில் எல்லோரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளுக்கு வாரம் ஒரு ஊசி போட வேண்டுமாம். "மேரி கைன்னா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. அவ எப்ப வருவா?" என்று தினமும் வாசலில் நிற்கிறாள். உன் கைராசியைத் துபாய்க்காரன் கொண்டுபோகப் போகிறான், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறோம்.

செருப்புப் பேச்சை இத்தோடு விடு. அது எனக்கும் மாதாவுக்கும் உள்ள பேச்சு. சொட்டு மருந்து ஞாயிறு அன்று பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுக் கிளியனூரில் மல்லாட்டை பிடுங்க நடந்து போன கால் இது. அன்றைக்கு இரண்டு சொட்டு ஊற்றியிருந்தால் என் பிள்ளைக்குப் போலியோ வந்திருக்குமா? அவள் காலில் செருப்பு நிற்காத வரைக்கும் என் காலுக்கும் கிடையாது.

டப்பாவில் அவித்த மல்லாட்டை இருக்கிறது. 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டவளுக்குக் கொடுக்காதே.

உன் அண்ணி,
ரோஜா

*

விழுப்புரம்,
26.06.2024

அன்புள்ள அண்ணிக்கு,

மல்லாட்டையும் கேப்பை அடையும் வந்தன. நால்வர் பாய்ந்து பிடுங்கிவிட்டார்கள், எனக்கு ஓரம் மட்டும் கிடைத்தது.

முதல் மாதிரித் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தொன்று. நரம்புப் பகுதியில்தான் கோட்டை விட்டேன். தோல் கிழிந்தால் ஒரு வாரத்தில் மூடிக்கொள்கிறது. எலும்பு உடைந்தால் கூடுகிறது. நரம்புக்கு அடிபட்டால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம், அதுவும் வளர்ந்தால். அது வந்து சேர்வதற்குள் கீழே காத்திருக்கும் தசை சுருங்கிவிடுமாம். அதனால் எதையும் முதல் சில மாதங்களிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார் சார்.

எனக்கு நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். போலியோ வந்த ஒருவரின் உணர்ச்சி நரம்பைச் சோதித்து எழுத வேண்டும். நம் அமலாவை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவளைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லுங்கள். ஒரு கோழி இறகால் முதலில் இடது பாதத்தின் மேல்பக்கம், அப்புறம் வலது பாதத்தின் மேல்பக்கம், கெண்டைக்காலின் வெளிப்பக்கம் என்று மெல்லத் தொடுங்கள். தொட்டது தெரிந்தால் 'ம்' சொல்லட்டும். பார்த்துவிட்டுச் சொல்லக் கூடாது.

இன்னொன்று. அவளுக்குக் கால் போன நாள் எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதுங்கள். டாக்டர் கிளினிக்குக்கு நடந்து வந்தாளா, நீங்கள் தூக்கி வந்தீர்களா? நானும் அங்கே சீட்டு எழுதும் வேலையில் இருந்தேன்தான். ஆனாலும் எனக்கு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரி ஞாபகம் வருகிறது. பாடத்துக்காகத்தான் கேட்கிறேன். உங்களை அழ வைப்பதற்கு இல்லை.

உங்கள்,
மேரி

*

திண்டிவனம்,
01.07.2024

அன்பான மேரிக்கு,

நல்ல வீட்டுப்பாடம் கொடுத்தார் உன் சார். கோழி இறகுக்காக வெள்ளையம்மாள் வீட்டுச் சேவலை நானும் உன் அண்ணனும் தெரு முழுக்கத் துரத்தினோம். இடுப்பு வலி எங்கே போயிற்றோ, உன் அண்ணன்தான் பிடித்தார்.

அமலாவை நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். இடது காலைத் தொட்டதும் "ஐயோ கூசுதும்மா" என்று துள்ளினாள். அப்புறம் வலது காலுக்குப் போனேன். பாதத்தின் மேல் தொட்டேன். விரலுக்குப் பக்கத்தில் தொட்டேன். கெண்டைக்காலில் வெளிப்பக்கம் மேலிருந்து கீழ் வரைக்கும் இழுத்தேன். ஏழு தடவை இருக்கும். வாயைத் திறக்கவில்லை. கடைசியில், "ஆரம்பிம்மா, எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினு ஒக்காந்திருக்கறது?" என்கிறாள்.

இறகைக் கீழே வைத்துவிட்டேன். இதைக் கேட்டபோதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. எட்டு வயதில் சூடாக வடித்த கஞ்சி அதே கால் மேல் கொட்டி, அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாளே. கொப்புளம் வந்த பிறகு உன் அம்மா பார்த்துத்தான் தெரிந்தது. 'பெத்தவளுக்கு அக்கறை கெடையாது' என்று அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். போலியோ வந்தால் உணர்ச்சியும் போய்விடுமா மேரி? பரீட்சைக்கு உதவும் என்றால் எழுதிக்கொள்.

அந்த நாள் எனக்கு வரிசை தப்பாமல் ஞாபகம் இருக்கிறது. புதன்கிழமை. இரண்டு நாள் ஜுரம். நடந்துதான் வந்தாள், என் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு. மூன்று வயதில் என்ன பேச்சு! வழியில் ஜாங்கிரி கேட்டாள், திரும்பும்போது வாங்கித் தருகிறேன் என்றேன். கிளினிக்கில் நல்ல கூட்டம். கம்பவுண்டர் ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டது. நான்தான், "வாணாம் டாக்டர், எங்க மேரியே போடட்டும். அவ கையின்னா புள்ள அழுவாது" என்றேன். டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "போடும்மா மேரி" என்றார். அதுதான் உன் முதல் ஊசி, மறந்துவிட்டாயா? உனக்குப் பதினெட்டு வயது. ஊசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண் ஊசி போடுகிறாள் என்று வரிசையில் இருந்தவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பிள்ளை ஒரு திமிறு திமிறியது. பெரிதாக ஒரு அலறல். இறக்கிவிட்டால் வலது கால் ஊன்றவில்லை. ஜுர அசதி என்று தூக்கிக்கொண்டு போனேன். ஜாங்கிரி வாங்கவில்லை. அடுத்த வாரம் டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சொட்டு மருந்து எல்லாத் தவணையும் போட்டீங்களா?" என்று கேட்டார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். "அப்ப போலியோதான்" என்றார். அந்த நிமிடம்தான் மேரி, எனக்கு எல்லாம் போனது.

இன்னும் ஒரு நாள் முன்னால் கூட்டி வந்திருந்தால் உன் ஊசி அவளைக் காப்பாற்றியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

நன்றாகப் படி. கருவாட்டுக் குழம்பு இருக்கிறது, டப்பாவைச் சாய்க்காதே.

உன் அண்ணி,
ரோஜா

*

திண்டிவனம்,
16.07.2024

மேரி,

பதினைந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. டப்பா மூன்று தடவை வெறுமையாகத் திரும்பி வந்துவிட்டது. இரண்டு ஞாயிறும் போன் அடிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்குது, மூஞ்சிதான் ஒரு மாதிரி" என்கிறான் செல்வகுமார்.

நான் பழைய கதையை அப்படி விவரமாக எழுதியிருக்கக் கூடாது. படிக்கிற பிள்ளை மனதைக் கெடுத்துவிட்டேனோ என்று பேஜாராக இருக்கிறது. அமலாவும், "பரீட்சை நேரத்துல அத்தைக்கு எதுக்கும்மா இதெல்லாம் எழுதுன?" என்று கோபித்துக்கொண்டாள். தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் மன்னித்துவிடு. ஜல்தியாக இரண்டு வரி எழுது.

உன் அண்ணி,
ரோஜா

*

விழுப்புரம்,
18.07.2024

அண்ணி,

இதை உட்கார்ந்து படியுங்கள். முதலில் நீங்கள் தனியாகப் படியுங்கள், பிறகு அமலாவிடம் கொடுங்கள்.

அமலாவுக்கு வந்தது போலியோ இல்லை. நான் போட்ட ஊசிதான்.

வீட்டுப்பாடம் என்று எழுதியது பொய். அப்படி யாரும் கொடுக்கவில்லை. கேள்விப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. குழந்தைக்குப் பின்பக்கத்தில் ஊசி போட்ட உடனே பாதம் தொங்கிவிட்டது, எந்த நரம்பில் பட்டது? விடை, சயாட்டிக் நரம்பு. அடுத்தது, போலியோவில் கெடாமல் இருப்பது எது? விடை, உணர்ச்சி. போலியோ அசைவை எடுத்துக்கொள்ளுமே தவிர உணர்ச்சியைத் தொடாது அண்ணி. கஞ்சி கொட்டியதும் தெரியாமல், செருப்பு கழன்றதும் தெரியாமல், இறகு ஏழு தடவை தொட்டதும் தெரியாமல் ஒரு கால் இருந்தால் அது நரம்பு அடிபட்ட கால். அவள் நடந்து வந்தாள், மேஜையிலிருந்து இறங்கும்போது கால் இல்லை. இடையில் நடந்தது என் ஊசி ஒன்றுதான்.

இதைக்கூட இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அப்படி எழுதிப் பார்த்தேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். அதுவும் பொய்.

2011இல் நர்சிங் சேர்ந்தேன். அம்மா வேண்டாம் என்று மல்லுக்கு நின்றபோது, "படிக்கட்டும் விடுங்க, நான் வேலையெல்லாம் பாத்துக்கறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தது நீங்கள். மூன்றாவது மாதம் எங்கள் டீச்சர் துணிப் பொம்மையின் பின்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு சிலுவைக் கோடு போட்டார். நான்கு கட்டம். மேலே, வெளிப்பக்கம் இருக்கிற கட்டத்தில் மட்டும்தான் போட வேண்டும், கீழ் உள்பக்கம் போட்டால் பெரிய நரம்பு, பிள்ளை முடமாகிவிடும் என்றார். எனக்கு அந்தப் புதன்கிழமை கண் முன்னால் வந்தது. எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியும். யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. கம்பவுண்டர் போடுவதைத் தூரத்திலிருந்து பார்த்துப் பழகியவள் நான். பிள்ளை திமிறியதும் பயத்தில் நடுவே கிடைத்த இடத்தில் குத்தினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் மீன் கழுவிக்கொண்டிருந்தீர்கள். "என்னா மேரி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?" என்றீர்கள். தலைவலி என்றேன். சுக்குக் காபி போட்டுக் கொடுத்தீர்கள். குடித்தேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் படிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அம்மா சொன்னார்களே, "மல்லாட்டை புடுங்கப் போயி புள்ள கால புடுங்கினு வந்துட்டா" என்று. நீங்கள் தட்டை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டீர்கள். நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். என் வாயில் முறுக்கு இருந்தது அண்ணி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 2019இல் அம்மா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அத்தனை தடவையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

போலியோவாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். டாக்டரே சொன்னாரே என்பேன். அந்த ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் பதிமூன்று வருடம் உங்கள் கையால் சாப்பிட்டேன். உங்கள் வெறுங்காலைப் பார்த்துவிட்டுச் செருப்பு வாங்குங்கள் என்று பேசிக்கொண்டிருந்தேன். இறகு அந்தச் சந்தேகத்தையும் எடுத்துவிட்டது.

நான் அன்றே சொல்லியிருந்தால் அமலாவுக்கு ஒன்பது வயது. தூக்க முடியாத பாதத்துக்கு வேறு தசையின் நாரை மாற்றிக் கட்டும் ஆபரேஷன் இருக்கிறது. இப்போதும் செய்யலாம். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். போலியோ என்று சொல்லாதீர்கள். மூன்று வயதில் வலது பக்கம் ஊசி போட்டதிலிருந்து என்று சொல்லுங்கள். யார் போட்டது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அமலாவின் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இதைச் சொல்லப் பத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது, அதில் பதிமூன்று வருடம் தெரிந்தே.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள். செருப்புப் போடுங்கள் அண்ணி.

மேரி

*

விழுப்புரம்,
29.07.2024

அண்ணி,

பத்து நாளாக டப்பா வரவில்லை. செல்வகுமார் பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். இன்று எதிரே போய் நின்று இதைக் கொடுக்கிறேன்.

நீங்கள் திட்டி எழுதினால்கூடப் போதும். படிக்க உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. பரீட்சை எழுதலாமா என்றே தெரியவில்லை. அமலாவிடம் காட்டினீர்களா? அவள் என்ன சொன்னாள்?

மேரி

*

திண்டிவனம்,
16.08.2024

மேரிக்கு,

உன் கடிதம் இரண்டும் வந்தன. பதில் எழுத ஆரம்பித்து ஆரம்பித்து வைத்துவிட்டேன். உனக்கு நான்கு நாளில் பரீட்சை என்பதால் இன்று உட்கார்ந்தேன்.

அமலாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காலில் வயரை ஒட்டி மெஷினில் பார்த்தார்கள். நரம்புதான், போலியோ இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். அந்தக் காலத்திலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தீபாவளிக்குப் பிறகு ஆபரேஷன். பாதம் கொஞ்சம் தூக்கும், செருப்பு நிற்கும், உணர்ச்சி மட்டும் வராது என்றார். யார் ஊசி போட்டது என்று கேட்டார். வீட்டில் போட்டது என்று சொன்னேன். உன் பெயர் என் வாயில் வரவில்லை. உனக்காக இல்லை, எப்படியோ வரவில்லை.

கடிதத்தை உன் அண்ணனுக்கு நானே வாசித்துக் காட்டினேன்.  ரொம்ப நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறார் என்று தோன்றியது.

அமலா உன் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். "பதினெட்டு வயசுல போட்ட ஊசிக்கு அத்தைய என்னாம்மா சொல்றது? தெரியாம செஞ்சது. அப்புறம் தெரிஞ்சிக்கினு, நீ எனக்காகத் திட்டு வாங்கறத பாத்துக்கினு இருந்தாங்களே" என்றாள். நானும் அதைத்தான் நினைக்கிறேன். ஊசியை நான் விட்டுவிட்டேன். உன்னைப் போடச் சொன்னதே நான்தான். அந்த முறுக்கைத்தான் என்னால் விட முடியவில்லை. ராத்திரி பகல் என்று இல்லை, எந்நேரமும் நீ முறுக்கு தின்கிற சத்தம் கேட்கிறது.

நான் செய்ததும் இருக்கிறது. உணர்ச்சியே இல்லாத காலைக் கவனமில்லை என்று இத்தனை வருடம் திட்டியிருக்கிறேன். அமலாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "உடும்மா, நீ புடிக்கறது எனக்குத் தெரியவா போவுது?" என்று சிரிக்கிறாள். அவள் எப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா கல்லறைக்குப் போனேன். "கேட்டுக்கினியா?" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சண்டை போட அங்கே யார் இருக்கிறார்கள்?

செருப்பு வாங்கினேன். அமலாதான் எடுத்துக் கொடுத்தாள், கறுப்பு, எட்டாம் நம்பர். போட்டு நடந்தால் தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, தடுமாறுகிறேன். "எனக்கு தெனம் இப்பிடித்தாம்மா இருக்கும்" என்றாள். கட்டைவிரல் பக்கத்தில் கொப்புளம் வந்திருக்கிறது. நீ சொன்ன அத்தனை அடுக்கும் இருந்தும் வந்துவிட்டது.

நேற்று மாதா திருநாள். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பூசை முடிந்து பழக்கத்தில் வெறுங்காலோடு பாதி தூரம் வந்துவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன். எல்லோரும் போய்விட்டார்கள், என்னுடையது மட்டும் இருந்தது. போட்டுக்கொண்டு வந்தேன்.

பரீட்சையை எழுது. எழுதாமல் விட்டு என்னை இன்னொன்றுக்குக் காரணமாக்காதே. தேறினால் விழுப்புரத்திலிருந்தே கிளம்பு. உன் துணிமணியையும் சர்டிபிகேட்டையும் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன், செல்வகுமார் சனிக்கிழமை கொண்டுவந்து தருவான். என் டப்பாவை அவனிடம் கொடுத்துவிடு. கடிதம் கொடுக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு ஊசி போடும்போது நன்றாகப் பார்த்துப் போடு.

அமலாவின் அம்மா,
ரோஜா